நாத்து கலைக்க தையல்காரங்க நூல் கட்டர்: கோத்தகிரி வீட்டுத் தோட்டத்துல யூஸ் பண்ணிப் பாத்த ரிவ்யூ

தையல் கடையில மெஷின் பக்கத்துலயே ஒரு சின்ன கட்டர் கெடக்கும், பாத்திருப்பீங்க. விரல் விடுற ஓட்டை எதுவும் இருக்காது, கைக்குள்ள அடங்கும், அமுக்குனா வெட்டும் விட்டா தானா விரியும், சட்டை தைச்சு முடிச்சதும் தொங்குற நூலையெல்லாம் டக் டக்குனு நறுக்கி விடுவாங்களே, அதேதான். நூல் கட்டர்னு கேட்டா எந்த தையல் சாமான் கடையிலயும் குடுப்பாங்க, நான் வாங்குனது நாப்பது ரூபாய்க்குள்ள தான். வீட்டுல புதுசா காய்கறி விதை போட்டு, மொளச்சதெல்லாம் கூட்டமா முட்டிக்கிட்டு நிக்குது, எதை எடுக்கறது எதை விடறதுன்னு தெரியலன்னு நிக்கறவங்களுக்கு இதைவிட உருப்படியான சாமான் நான் பாத்ததில்ல. இப்படி நெருக்கமா மொளச்சதுல கொஞ்சத்தை எடுத்துட்டு மிச்சத்துக்கு எடம் விடறதைத் தான் நாத்து கலைக்கறதுன்னு சொல்றேன். தோட்டச் சாமான் விக்கிற கடையில இதை வெச்சிருக்க மாட்டாங்க, அதனாலயே நெறைய பேருக்கு இது தோணறதில்ல, அதுக்காகத் தான் இவ்ளோ விரிவா எழுதறேன்.

எங்க வீட்டுக்கு இது எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். என் அக்கா பொண்ணு ஐடி வேலை பாக்குறா, வீட்டுல இருந்தே பாக்கலாம்னு கம்பெனில சொன்னதும் கோத்தகிரிக்கே வந்து எங்க பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருக்கா. பின்னாடி படிப்படியா மூணு பாத்தி இருக்கு, முன்னாடி இருந்தவங்க போட்டது. ஆன்லைன்ல ஒரு விதை கிட் வாங்குனா, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, நூக்கோல், பாலக், லெட்டூஸ், எல்லாம் ஒரே டப்பாவுல. விதை நல்ல விதை, அதுல குறையே சொல்ல முடியாது, முக்காவாசிக்கு மேல மொளச்சுச்சு. ஆனா உள்ள வெச்சிருந்த பேப்பர் தான் பிரச்சனை. அழகா கலர் படம் போட்டு, மண்ணைக் கிளறு, விதையைத் தூவு, மூடு, தண்ணி தெளி, அப்படின்னு வரிசையா சொல்லிட்டு அடுத்த படத்துலயே கூடை நெறைய கேரட் வெச்சுக்கிட்டு ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நடுவுல இருக்கற முக்கியமான வேலையைப் பத்தி ஒரு வரி இல்ல. கலைச்சு விடணும்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தா போதும், காசு குடுத்து வாங்குற பிள்ளைங்களுக்கு எவ்ளோ உதவியா இருந்திருக்கும்.

அவ பேப்பர்ல இருந்தபடியே தூவிட்டா. கணக்கு போட்டுப் பாருங்க, கேரட் விதை ஒரு கிராம்லயே 500க்கு குறையாம இருக்கும். அஞ்சு கிராம் பாக்கெட்னா 2,500க்கு மேல. நாலடிக்கு எட்டடி பாத்தில வரிசைக்கு வரிசை அரை அடி, செடிக்கு செடி நாலு விரல்னு விட்டா சுமார் 250 கேரட் தான் நிம்மதியா வளர முடியும். மொத்த பாக்கெட்டையும் அந்த ஒரு பாத்தில தூவுனா என்ன ஆகும்? தீபாவளிக்கு முந்தின நாள் மேட்டுப்பாளையம் பஸ் மாதிரி தான் இருந்துச்சு, காலு வைக்க எடமில்ல. அவளுக்கோ ஒரே சந்தோஷம், எல்லாம் மொளச்சிருக்குன்னு போட்டோ எடுத்து எங்க அக்காவுக்கு அனுப்பிட்டு இருக்கா.

பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து எட்டிப் பாத்தாங்க. கேத்தி பக்கம் கேரட் தோட்டத்துலயே வாழ்க்கையைக் கழிச்சவங்க. "கண்ணு, இதை இப்படியே விட்டீன்னா எலை தான் திங்கணும், கெழங்கு வராது"ன்னாங்க. அவளுக்கு மொகம் வாடிப் போச்சு. "சித்தி, இத்தனையும் உயிரோட வந்திருக்கு, இதைப் போய் எப்படி பிடுங்கறது"ன்னு என்கிட்ட வந்து நிக்கறா. அந்தக் கஷ்டம் நெசமானது, புதுசா தோட்டம் போடற யாருக்கும் வரும், அதைச் சின்னப்பிள்ளைத்தனம்னு யாரும் தள்ளக் கூடாது. தன் கையால விதைச்சு, தெனமும் காலைல பனிக்குள்ள எந்திரிச்சுப் போய் பாத்து, கடைசில மொளச்சதைத் தானே எடுக்கணும்னா மனசு வராது தான். பாட்டி பிடுங்கறதைப் பாத்தா அவளால தாங்க முடியல, ஒண்ணை இழுத்தா கூடவே நாலு வேரோட வருது. அப்ப தான் நான் உள்ள போய் தையல் டப்பாவுல இருந்து கட்டரை எடுத்துட்டு வந்தேன். "பிடுங்க வேண்டாம்டி, வெட்டிக்கலாம்"னேன்.

இதுல விஷயம் என்னன்னா, கூட்டமா இருக்கற நாத்துல வேரெல்லாம் மண்ணுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கும். ஒண்ணைப் பிடுங்குனா நாம வெச்சுக்கணும்னு நெனச்ச செடியோட வேரும் ஆடிடும். கேரட், முள்ளங்கி மாதிரி நேரா கீழ இறங்குற ஒத்தை வேர் செடிக்கு அந்த ஆட்டம் ஆகவே ஆகாது, வேர் நுனி ஒடிஞ்சா கெழங்கு ரெண்டா மூணா பிரிஞ்சு கால் கால் விட்டு வரும். வெட்டுனா அந்தப் பிரச்சனை இல்ல. மேல தலை போயிடும், கீழ வேர் அப்படியே மண்ணுக்குள்ள மக்கிடும், பக்கத்துச் செடிக்கு ஒண்ணும் தெரியாது. தோட்டத்துல கூலிக்கு வேலை பாக்கறவங்க களை எடுக்கும்போதே கையாலயே கலைச்சுக்கிட்டு போவாங்க, அவங்க விரல்ல அந்தப் பழக்கம் இருக்கு, எந்தப் பக்கம் அழுத்திப் பிடிச்சுட்டு எந்தப் பக்கம் இழுக்கணும்னு தெரியும். நமக்கு அது வர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் கட்டர் தான்.

சரி எப்படி வெட்டறதுன்னு சொல்றேன், இது தான் முக்கியம். பீட்ரூட்டை எடுத்துக்குங்க. நாம பீட்ரூட் விதைன்னு போடறது ஒத்தை விதை இல்ல, கரடுமுரடா ஒரு சின்ன உருண்டை இருக்கும்ல, அது ரெண்டு மூணு பூவோட காய் ஒட்டி காஞ்சது. அதனால ஒரு உருண்டையில இருந்து ரெண்டு, மூணு, சில சமயம் நாலு நாத்து கூட ஒரே எடத்துல எட்டிப் பாக்கும். எவ்ளோ தள்ளித் தள்ளி விதைச்சாலும் பீட்ரூட்டைக் கலைச்சே ஆகணும், தப்பிக்க முடியாது. நம்ம ஊரு பாலக்கும் பீட்ரூட்டோட ஒரே இனம் தான், அதோட விதையும் அதே மாதிரி கொத்து, அதுக்கும் இதே கதை. இப்ப அந்த மூணு நாத்தும் அடியில ஒட்டிக்கிட்டு நிக்கும், தண்டு நூல் கனம் தான், செவப்பா இருக்கும், நடுவுல ஒரு நெல் கூட நுழையாது. சாதா கத்தரிக்கோல் உள்ள போகவே போகாது. இந்தக் கட்டரோட முனை போகும். முனையை மண்ணை ஒட்டிப் படுக்க வெச்சு, ஒத்தை தண்டு மட்டும் ரெண்டு பிளேடுக்கு நடுவுல வர்ற மாதிரி நகத்தி, லேசா அமுக்குனா போதும், நாத்து அப்படியே சாயும். பக்கத்துல நிக்கறது அசையக் கூட அசையாது. அவ மொத தடவை வெட்டிட்டு மண்ணுக்குப் பக்கத்துல கண்ணைக் கொண்டு போய் பாத்தா, மத்த ரெண்டும் நிமிந்து நிக்குது, அப்புறம் அவளே கையில வாங்கிக்கிட்டா.

ஒரு விஷயம் கவனம். மொதல்ல வர்ற ரெண்டு எலை இருக்கே, வித்திலை, அதுக்குக் கீழ தான் வெட்டணும். வித்திலைக்கு மேல வெட்டுனா அந்த எடுக்குல இருந்து மறுபடி துளிர்க்கப் பாக்கும், செஞ்ச வேலையே திரும்ப செய்யணும். மண்ணோட மண்ணா முனையை ஒட்டி வெச்சு வெட்டுறதுக்குத் தான் ஓட்டை இல்லாத இந்த கட்டர் வசதி, கத்தரிக்கோல்னா விரல் விடுற வளையம் மண்ணுல இடிச்சு முனை மேல தூக்கிக்கும்.

எப்ப கலைக்கணும்ங்கறதுல எங்க மலைக்காரங்க எல்லாரும் ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கணும். பாக்கெட்ல பத்து நாள் பதினஞ்சு நாள்னு போட்டிருக்கறதெல்லாம் இங்க ஒத்து வராது. ராத்திரி குளிருக்கு இங்க எல்லாமே மெதுவா தான் வரும், கேரட் மொளைக்கவே ரெண்டு வாரம் அதுக்கு மேலயும் எடுத்துக்கும், அதுலயும் ஒரு வாரம் வெயிலே இல்லாம மூடி நின்னுச்சுன்னா இன்னும் தள்ளும். அதனால தேதியைப் பாக்காதீங்க, எலையைப் பாருங்க. வித்திலைக்கு நடுவுல இருந்து அந்தச் செடியோட நெஜ எலை ஒண்ணு ரெண்டு வந்ததும் மொத சுத்து. கேரட்டுக்கு வித்திலை ரெண்டு நீட்டமா ஒல்லியா இருக்கும், புதுசா பாக்கறவங்க புல்லுன்னு நெனச்சுப் பிடுங்கிடுவாங்க, நெஜ எலை வந்ததும் கொத்தமல்லித் தழை சாயல்ல பிரிபிரியா இருக்கும், அப்புறம் சந்தேகமே வராது. முள்ளங்கிக்கு வித்திலை இதய வடிவத்துல இருக்கும், நெஜ எலை சொரசொரன்னு வரும். நூக்கோல், முட்டைகோஸ் இதுக்கெல்லாமும் வித்திலை கிட்டத்தட்ட முள்ளங்கி வித்திலை தான், அதனால ரெண்டையும் ஒரே வரிசையில கலந்து போடாதீங்க.

ரொம்ப நாள் விட்டாலும் கெட்டுது. எலைக்கு எலை மறைச்சுக்கிட்டா, பக்கத்துல ஆளு இருக்குன்னு நாத்துக்குத் தெரிஞ்சிடும், எலையில பட்டுத் திரும்புற வெளிச்சத்தோட தன்மையை வெச்சே கண்டுபிடிச்சிடும், ஒடனே வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு தண்டை நீட்டும். நெடுநெடுன்னு வெளுத்து வளந்து லேசா மழை பெஞ்சாலே படுத்துடும். மேகம் மூடுற ஊருல வெளிச்சமே கம்மி, அதுல இந்தக் கூட்டமும் சேந்தா சொல்லவே வேண்டாம். அதோட நாத்தழுகல். காத்து போக எடமில்லாம அடியில ஈரம் நின்னுக்கிட்டே இருந்தா மண்ணை ஒட்டி தண்டு தண்ணி கோத்த மாதிரி ஆகி நூலா இளைச்சு, மேல பச்சையா இருக்கும்போதே சாஞ்சிடும், பாத்தில ஒரு மூலையில ஆரம்பிச்சு வட்டமா பரவும். அதுக்கு டிரைக்கோடெர்மா விரிடிங்கற, நோய்ப் பூஞ்சையை அடக்குற நல்ல பூஞ்சையை தொழு உரத்துல கலந்து முன்னாடியே போட்டு வெக்கறது நல்லது, ஆனா எடைவெளி விடாம மருந்தை மட்டும் நம்பி பிரயோஜனம் இல்ல. கோத்தகிரி குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகைல தான் மழை பிடிச்சு அடிக்கும், அந்த சமயத்துல நாத்து வெச்சிருக்கறவங்க கலைக்கறதைத் தள்ளியே போடக் கூடாது.

எவ்ளோ எடைவெளின்னா, ஸ்கேல் எல்லாம் வேண்டாம், கையே போதும். கேரட் மொத சுத்துல ரெண்டு விரல். அப்புறம் எலை ஒண்ணோட ஒண்ணு உரசற அளவு வந்ததும் ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்து நாலு விரல், அந்த ரெண்டாவது சுத்துல வர்றதே விரல் நீளம் பிஞ்சு கேரட்டா இருக்கும், கழுவி அப்படியே சாப்பிடலாம், அதை மட்டும் வெட்டாம மெதுவா பிடுங்குங்க. சின்ன செவப்பு முள்ளங்கிக்கு மூணு விரல், நீட்ட வெள்ளை முள்ளங்கிக்கு நாலஞ்சு விரல். முள்ளங்கி தான் ரொம்ப ரோஷக்காரச் செடி, எடம் இல்லன்னா கெழங்கே வெக்காது, எலையா விட்டுட்டு நேரா பூவுக்குப் போயிடும். பீட்ரூட் நாலஞ்சு விரல். பாலக் நாலு விரல் போதும், கீரையா அறுக்கறதுனால கொஞ்சம் நெருக்கமா இருந்தாலும் பரவால்ல. நூக்கோல், லெட்டூஸ் ரெண்டுக்கும் ஒரு ஜாண்.

எது வெக்கறது எது எடுக்கறதுன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. பெருசா இருக்கறது தான் நல்லதுன்னு நெனைக்க வேண்டாம், உயரமா வெளுத்து நிக்கறதை விட குட்டையா தண்டு தடியா கரும்பச்சையா இருக்கறதை வெச்சுக்கணும். வித்திலையில ஓட்டை விழுந்தது, கோணலா நிக்கறது, வரிசையை விட்டு வெளிய நிக்கறது மொதல்ல போகணும். அதுக்கப்புறமும் ரெண்டு ஒரே தரமா பக்கத்துல பக்கத்துல நின்னா எதை எடுத்தாலும் தப்பில்ல, யோசிச்சுக்கிட்டு நிக்காம ஒண்ணை வெட்டிடுங்க.

எல்லாத்தையும் வெட்டணும்னும் இல்ல, இதை நெறைய பேர் சொல்றதில்ல. நூக்கோல், லெட்டூஸ், முட்டைகோஸ் நாத்தை எடுத்து வேற எடத்துல நடலாம், நல்லாவே பிடிச்சுக்கும். பீட்ரூட்டும் சின்னதா இருக்கும்போது மண்ணோட எடுத்து நட்டா வந்துடும், கொஞ்சம் சொணங்கி வரும் அவ்ளோ தான். கேரட்டும் முள்ளங்கியும் மட்டும் எடம் மாத்தவே கூடாது. அவளோட லெட்டூஸ்ல மிஞ்சுனதை எல்லாம் ஒரு டீஸ்பூன் காம்பால நெம்பி எடுத்து பழைய பெயிண்ட் டப்பாவுல நட்டு வெச்சோம். அதனால அவளுக்கும் மனசு ஆறுச்சு, வெட்டறது வெட்டற செடிக்கு மட்டும்னு ஒரு தெளிவு வந்துச்சு.

இப்ப மத்த சாமானோட ஒப்பிட்டுச் சொல்றேன். கையால கிள்ளறது காசில்லாதது, முள்ளங்கிக்கு ஓகே, ஆனா பீட்ரூட் கொத்துல நகம் போகாது, கேரட்ல கிள்ளும்போது இழுத்துடுவோம். நகம் வெட்டுற சின்ன கத்தரி வெட்டும், ஆனா வளைவா இருக்கறதுனால முனை எங்க இருக்குன்னே தெரியாது, விரல் வளையம் சின்னது, கொஞ்ச நேரத்துல கட்டை விரல் செவந்துடும். சமையல் கத்தரிக்கோல் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ரோஜாச் செடி வெட்டுற ப்ரூனர் வெச்சு ஒருத்தர் நாத்து கலைக்கறதைப் பாத்தேன், வேண்டாங்க, வெட்டறதுக்குப் பதிலா நசுக்குது. போன்சாய் கத்தரின்னு ஆன்லைன்ல விக்கறாங்க, அது நெஜமாவே நல்ல சாமான், முனை ஒல்லி, நீளம், குனியறது கொஞ்சம் கொறையும், ஆனா பல நூறு ரூபாய், வீட்டுல மூணு பாத்தி வெச்சிருக்கறவங்களுக்கு அது அதிகம்னு தான் எனக்குப் படுது. நெறைய பாத்தி, தொட்டி, நர்சரின்னு இருக்கறவங்க வாங்கலாம்.

கட்டர்லயே ரெண்டு வகை இருக்கு. முழுசா இரும்புலயே வர்றது ஒண்ணு, ப்ளாஸ்டிக் பிடி போட்டு பிளேடு மட்டும் இரும்பா வர்றது ஒண்ணு. ரெண்டையும் யூஸ் பண்ணியாச்சு. ப்ளாஸ்டிக் பிடி கைக்கு மெத்துனு இருக்கு, குளிர்ல இரும்பு தொடறப்ப ஜில்லுனு ஏறுற தொந்தரவு இல்ல, ஆனா நான் வாங்குனதுல முனை மொக்கையா இருந்துச்சு, பிளேடும் குட்டை. முழு இரும்பு தான் கூர்மை, கொத்துக்குள்ள சுலபமா போகுது. இடது கைக்காரங்களுக்கும் பிரச்சனை இல்ல, அக்கா பொண்ணு இடது கை தான், சாதா கத்தரிக்கோல்ல எப்பவும் திண்டாடுவா, இதுல திண்டாட்டமே இல்ல.

குறைகளும் இருக்கு. பெரிய குறை துரு. இந்த ஊரு ஈரத்துக்கு சாயங்காலம் பாத்தி ஓரத்துல மறந்து வெச்சா காலைல பழுப்பு பூத்திருக்கும். வேலை முடிஞ்சதும் தொடச்சு எண்ணெய் போட்டே ஆகணும். தேங்காய் எண்ணெய் தான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா இங்க பாட்டில்ல பாதி வருஷம் ஒறைஞ்சு தான் நிக்கும், அதனால தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் அதே கடையில வாங்கிக்குங்க, ரெண்டு சொட்டு போதும். ரெண்டாவது, முனைக்கு மூடி கெடையாது, பாக்கெட்ல போட்டுக்கிட்டு குனிஞ்சா குத்தும், குழந்தைங்க இருக்கற வீடுன்னா ரொம்ப ஜாக்கிரதை. நாங்க ஒரு பழைய பேனா மூடியைச் சொருகி வெச்சிருக்கோம். மூணாவது, மண்ணு பட்டா கூர் சீக்கிரம் போகும். துணிக்கு வெச்சிருக்கறதையே தோட்டத்துக்கும் எடுக்காதீங்க, தனியா ஒண்ணு வெச்சுக்குங்க. அப்புறம் களைக்கு இது உதவாது. புளியாரையை மேல வெட்டுனா கீழ கெழங்குல இருந்து மறுபடி வந்துக்கிட்டே இருக்கும், அதை களைக்கொத்தால தோண்டித் தான் எடுக்கணும்.

வேலை செய்யற நேரமும் சொல்லிடறேன். மத்தியானமே பூவாளில பாத்தியை நனைச்சு வெச்சுட்டு, வெயில் தாழ்ந்ததும் உக்காந்தா மண்ணு எளக்கமா இருக்கும், நாத்தும் விறைப்பா நிக்கும். வெட்டி முடிச்சதும் மிச்சம் நிக்கற நாத்தோட அடியில விரலால லேசா மண்ணை அணைச்சு விட்டு, மறுபடி பூவாளில மெதுவா ஒரு தெளி. வெட்டுனதை பாத்திலயே போட்டு வெக்காதீங்க, ஈரத்துல அழுகும், ஓடில்லாத நத்தைங்க வாசனை பிடிச்சு வந்து நல்ல செடியையும் சேத்து மேஞ்சுட்டுப் போகும், எங்க பக்கம் அதுங்க தொல்லை ரொம்ப.

வெட்டுனதை வீணாக்கவும் வேண்டாம். பீட்ரூட், பாலக் பிஞ்சு எலை ஒரு கிண்ணம் சேந்துச்சுன்னா பாசிப்பருப்பு போட்டு கூட்டு வெச்சா அவ்ளோ நல்லா இருக்கும், தண்டு செவப்பு எறங்கி கூட்டே லேசா ரோஸ் கலர் ஆகும். முள்ளங்கி நாத்தை நறுக்கி தயிர் பச்சடில போடலாம், லேசா ஒரைப்பா இருக்கும். தக்காளி, கத்தரி நாத்து கலைச்சா மட்டும் அதைத் திங்கற வேலை வெச்சுக்காதீங்க, அது குப்பைக்குழிக்குத் தான். பாட்டி வீட்டு கோழிக்கு கேரட் தழை போச்சு.

இந்த வேலையையே கொறைக்க வழி இருக்கான்னு கேட்டா இருக்கு. தூவாம கோடு கீறி விதைக்கணும். கேரட் விதையை நாலஞ்சு பங்கு காஞ்ச மணலோட கலந்து கோட்டுல விட்டா பரவலா விழும். பாக்கெட் மொத்தத்தையும் ஒரே நாள்ல போடாம ரெண்டு வாரத்துக்கு ஒரு கோடுன்னு போட்டா கலைக்கறதும் கொஞ்சம் கொஞ்சமா வரும், காயும் வரிசையா கெடைக்கும். நூக்கோல், கோஸுக்கெல்லாம் நர்சரில குழித்தட்டுல வளத்த நாத்தே வாங்கிடலாம், குழிக்கு ஒண்ணு தான் இருக்கும். கேரட்டுக்கு அந்த வழி இல்ல, நேரா விதைச்சு கலைச்சுத் தான் ஆகணும், அது ஊட்டி தோட்டமா இருந்தாலும் சரி பால்கனி தொட்டியா இருந்தாலும் சரி.

1819ல கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் மேல ஏறி வந்து இங்கிலீஷ் காய்கறியைப் போட ஆரம்பிச்சதுல இருந்து, இந்த மலைல கேரட்டும் பீட்ரூட்டும் இருநூறு வருஷமா வளருது. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஊட்டி 1னு பீட்ரூட் ரகமே வந்திருக்கு. வழக்கமா மே மாசம் எங்க ஊரு நேரு பூங்கால காய்கறி கண்காட்சி நடக்கும், வெளியூர்ல இருந்து கூட்டம் கூட்டமா வந்து பாப்பாங்க. இவ்ளோ அனுபவம் இருக்கற ஊருக்கு விதை அனுப்பற கம்பெனிங்க, நாத்து கலைக்கறதுக்கு ஒரு படமாவது அந்தப் பேப்பர்ல சேக்கணும், முடிஞ்சா இப்படி ஒரு கட்டரையும் டப்பாவுல போடணும். கிட் விலைல அது ஒரு பெரிய காசே இல்ல. அந்த கிட் விக்கிறவங்களுக்கு அக்கா பொண்ணு இதை மெயில்ல எழுதி அனுப்பியிருக்கா, பதில் இன்னும் வரல.

பாத்தி இப்ப எப்படி இருக்குன்னா, கலைக்காம ஓரத்துல ஒரு முழம் அப்படியே விட்டு வெச்சிருக்கா, வித்தியாசம் பாக்கணும்னு அவளே தான் விட்டா. கலைச்ச பக்கம் பீட்ரூட் தோள் மண்ணுக்கு மேல உருண்டையா தெரிய ஆரம்பிச்சிருக்கு, கலைக்காத பக்கம் தழை மட்டும் தான், மண்ணை விலக்கிப் பாத்தா வேர் பென்சில் கனம் கூட இல்ல. காட்டெருமை வந்து மிதிக்காம இருந்தா இன்னும் கொஞ்ச நாள்ல பிடுங்கலாம்.

வாங்கப் போறவங்களுக்கு: முழு இரும்பு கட்டர் கேளுங்க, பிளேடு ரெண்டும் முனை வரைக்கும் ஒண்ணா சேருதான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கடையிலயே ஒத்தை நூல் வாங்கி நுனியால மட்டும் வெட்டிப் பாருங்க, நடுவுல எல்லா கட்டரும் வெட்டும், நுனியில வெட்டலன்னா வேற ஒண்ணு எடுத்துத் தரச் சொல்லுங்க, தருவாங்க.